படத்துக்குக் கீழே ஒரு வரி

வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகை நேரம். இடம், பாரிஸ் நகரின் பதினெட்டாவது வட்டாரம். தெருவின் பெயர் மிரா. வருடம் 2010 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருவில் ஒரு மசூதி. மசூதி என்றதும் வானம் தொடும் மினாரா, பளிங்குத் தரை என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். பழைய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிற சின்ன இடம், அவ்வளவுதான். சீக்கிரம் வந்தவர்களுக்கு உள்ளே இடம் கிடைக்கும். மற்றவர்கள் வாசலில் விரிப்பைப் போடுவார்கள். வாசல் நிறைந்ததும் நடைபாதை. நடைபாதையும் நிறைந்ததும் தெரு. கொஞ்ச நேரம் அந்தத் தெருவில் வண்டி போகாது. தொழுகை முடிந்ததும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

காமிராவுக்கு இது அல்வா. வரிசை வரிசையாக மனிதர்கள். ஒரே நேரத்தில் குனிகிறார்கள், ஒரே நேரத்தில் நிமிர்கிறார்கள். பின்னணியில் அசல் பாரிஸ் கட்டடங்கள். எப்படி எடுத்தாலும் படம் நன்றாக வரும். ஒரே ஒரு குறை. தொழுகிறவர்களைப் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் எடுக்க முடியும். முதுகு தெரியும், முகம் தெரியாது.

முகம் இல்லாத படத்தில் ஒரு சௌகரியம் உண்டு. அடியில் என்ன எழுதினாலும் பொருந்தும்.

2010 டிசம்பர் 10ம் தேதி, லியோன் நகரத்துக் கூட்டம் ஒன்றில் மரீன் லெ பென் அந்தப் படத்துக்கு ஒரு வரி எழுதினார். காகிதத்தில் அல்ல, மேடையில். அப்பா ழான் மரி லெ பென் நடத்திவந்த தேசிய முன்னணிக் கட்சியின் தலைமையைப் பிடிக்க மகள் பிரசாரம் செய்துகொண்டிருந்த நேரம். தெருத் தொழுகை என்பது ஓர் ஆக்கிரமிப்பு என்றார். டாங்கி இல்லை, சிப்பாய் இல்லை, ஆனாலும் ஆக்கிரமிப்புதான்.

பிரெஞ்சுக்காரர் காதில் இந்தச் சொல் சாதாரணமாக விழாது. நம் ஊரில் ஆக்கிரமிப்பு என்றால் கடைக்காரர் நடைபாதையில் தட்டி போட்டது நினைவுக்கு வரும். அங்கே, 1940 முதல் 1944 வரை ஹிட்லரின் படை பாரிஸில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும். மறுநாளே நாடு முழுக்க அதுதான் பேச்சு. அடுத்த மாதம் கட்சித் தலைமை மரீன் கைக்கு வந்தது. வெறுப்பைத் தூண்டினார் என்று வழக்கும் வந்தது. 2015 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

சரி, அந்த மனிதர்கள் ஏன் தெருவில் தொழுதார்கள்? விஷயம் அங்கேதான் இருக்கிறது. படத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போக வேண்டும். பயப்படாதீர்கள், வேகமாகப் போய் வந்துவிடலாம்.

1905 டிசம்பர் 9. பிரான்ஸில் ஒரு சட்டம் வருகிறது. அரசாங்கம் வேறு, மதம் வேறு. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அந்தச் சுதந்தரத்துக்கு அரசு உத்தரவாதம் தரும். ஆனால் எந்த மதத்துக்கும் சம்பளம் கிடையாது, மானியம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் ‘லாயிசிதே’ இதுதான். ரொம்ப நல்ல சட்டம். கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியிலிருந்து குடியரசை மீட்பதற்காகக் கொண்டுவந்தது.

நான் பி.காம். படித்தவன். எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் சொத்துப் பட்டியல் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். இதிலும் இருக்கிறது. அன்றைக்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த சர்ச்சுகள் யாருக்கு? பெரிய கதீட்ரல்கள் அரசாங்கத்துக்கு. ஊர்ச் சர்ச்சுகளில் பெரும்பாலானவை அந்தந்த ஊராட்சிக்கு. அப்படியானால் பூசை? தாராளமாக நடக்கலாம். வாடகை கிடையாது. ஓட்டை ஒடிசல் என்றால் கட்டடத்தின் சொந்தக்காரர் என்கிற முறையில் அரசோ ஊராட்சியோ செலவழிக்கலாம். பாரிஸின் நோத்ருதாம் பேராலயம்கூட இன்றைக்கும் அரசாங்கச் சொத்துதான்.

ஆக, 1905ல் கணக்கை மூடியபோது கையில் கட்டடம் வைத்திருந்த மதத்துக்குப் பெரிய பிரச்னை இல்லை. அதற்குப் பிறகு வந்து சேர்ந்த மதம் தன் காசில் இடம் வாங்கி, தன் காசில் கட்டிக்கொள்ள வேண்டும். இதில் யாருடைய சதியும் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் பாரிஸ் தெருவில் முஸ்லிம்கள் பெரிய எண்ணிக்கையில் வாழப்போகிறார்கள் என்று கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு முறை அரசாங்கமே இந்த விதியைச் சுற்றிக்கொண்டு போனது. முதல் உலகப்போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டுச் செத்த வட ஆப்பிரிக்க, மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் சிப்பாய்களுக்கு நன்றிக்கடன். 1920ல் தனியாகச் சட்டம் போட்டு, ஐந்து லட்சம் பிராங்க் ஒதுக்கினார்கள். 1926 ஜூலையில் பாரிஸ் பெரிய மசூதியை ஜனாதிபதி கஸ்தோன் தூமெர்க் திறந்துவைத்தார். மொராக்கோ சுல்தான் வந்திருந்தார். பத்திரிகைகள் அந்த மசூதியின் அழகைக் கொண்டாடின. அப்போது பாரிஸில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த அல்ஜீரியர்கள் மத்தியில் வளர்ந்துவந்த தலைவர் மெஸாலி ஹாஜ் மட்டும், இது வெறும் விளம்பர மசூதி என்று முகம் சுளித்தார். மசூதி அழகாக இருக்கிறது, எங்கள் நாட்டுக்குச் சுதந்தரம் எங்கே என்பது அவர் கேள்வி.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. பிரான்ஸில் தொழிற்சாலைகள் பெருகின. கார் செய்ய ஆள் வேண்டும். அல்ஜீரியாவிலிருந்து வந்தார்கள். மொராக்கோவின் கிராமங்களுக்கே போய் ஆள் பிடித்தார்கள். வந்தவர்கள் தனியாட்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். கொஞ்ச வருடம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று அவர்கள் நினைத்தார்கள். திரும்பிவிடுவார்கள் என்று அரசாங்கமும் நினைத்தது.

1974ல் பெட்ரோல் விலை ஏற்றத்தால் பொருளாதாரம் படுத்தது. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். இருக்கிறவர்களை என்ன செய்வது? ஊர் ஞாபகம் விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டால் ஒருநாள் தானாகக் கிளம்பிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. குடியேறியவர்களுக்கான துறையைப் பார்த்துக்கொண்டிருந்த பால் திழூ, தொழிலாளர் விடுதிகளிலும் ஆலைகளிலும் தொழுகைக்கு இடம் கொடுப்பதை ஊக்குவித்தார்.

1976ல், பாரிஸை ஒட்டிய பியான்கூரில் இருந்த ரெனோ கார் தொழிற்சாலைக்குள்ளேயே தொழுகை அறை வந்தது. கவனியுங்கள், அப்போது ரெனோ அரசாங்கக் கம்பெனி. மதச்சார்பற்ற அரசின் சொந்தத் தொழிற்சாலைக்குள் தொழுகை! நிர்வாகத்துக்கு அதில் வருத்தம் இல்லை. தொழுகிற தொழிலாளி தகராறு செய்ய மாட்டான் என்கிற நிம்மதி. கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கில் இருந்த சி.ஜி.டி. தொழிற்சங்கமும் எதிர்க்கவில்லை. தொழிலாளி கேட்கிறான், சங்கம் வாங்கித் தருகிறது. கேன்டீன் கேட்டால் வாங்கித் தருவதில்லையா, அதுபோல. ஊரில் யாருக்கும் இது பெரிய செய்தியாகவும் படவில்லை.

பிறகு என்ன ஆனது?

இரான் ஆனது.

1978 அக்டோபரில் அயதுல்லா கொமேனி பாரிஸுக்குப் பக்கத்தில் நொஃப்ல் லெ ஷாத்தோ என்கிற கிராமத்துக்கு வந்து தங்கினார். ஓர் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். உலகப் பத்திரிகைகள் மொத்தமும் அந்தத் தோட்டத்தில் கூடாரம் அடித்தன. 1979 பிப்ரவரி முதல் தேதி அவர் டெஹ்ரானுக்குப் போய் இறங்கினார், பத்தே நாளில் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பிறகு பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் முஸ்லிம்கள் கூட்டமாகக் குனிந்தால், பார்க்கிறவர் மனத்தில் டெஹ்ரான்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் கார் தொழிற்சாலைகளில் வேலை நிறுத்தங்கள் தொடங்கின. 1982 வசந்தத்தில் ஓல்னேயில் இருந்த சித்ரோயன் ஆலை. ஜூனில் புவாசியில் டால்போ ஆலை. பல வருடங்களாக வாய் திறக்காமல் லைனில் நின்ற மொராக்கோக்காரர்கள் முதன்முறையாக வெளியே வந்தார்கள். கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. விருப்பப்பட்ட சங்கத்தில் சேரும் உரிமை இருந்தது. மேஸ்திரிகள் மரியாதையாக நடத்த வேண்டும் என்று இருந்தது. அவற்றோடு தொழுகைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதும் இருந்தது.

நிருபர்கள் காமிராவோடு வந்தார்கள். சம்பள உயர்வை எப்படிப் படம் எடுப்பது? மரியாதையை எப்படிப் படம் எடுப்பது? தொழுகையை எடுக்கலாம். ஆலைக்குள் வரிசையாகக் குனிந்த தொழிலாளர்கள், பக்கத்தில் பாதி முடிந்த கார்கள். பட்டியலில் ஒரு வரியாக இருந்த விஷயம் செய்தியில் முக்கால் பக்கம் ஆனது.

1983 ஜனவரியில் ஃப்ளான் ஊரில் இருந்த ரெனோ ஆலையில், பெயின்ட் அடிக்கும் பிரிவு வேலை நிறுத்தம் செய்தது. ஆட்சியில் இருந்தது சோஷலிஸ்ட் கட்சி. தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். ஆனால் 1982 ஜூனில் அவர்களே விலைகளோடு சேர்த்துச் சம்பளத்தையும் உறைய வைத்திருந்தார்கள். பணவீக்கம் கழுத்தை நெரித்தது. இரண்டே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல். இந்த நேரத்தில் சம்பள உயர்வு கேட்டால்?

பிரதமர் பியேர் மொருவா ஒரு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். பிரான்ஸின் சமூக நிலைமைக்குச் சம்பந்தமில்லாத மத, அரசியல் குழுக்கள் இந்தத் தொழிலாளர்களைக் கிளப்பிவிடுகின்றன என்றார். உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேர் இன்னும் ஒரு படி மேலே போய், அடிப்படைவாதிகள், ஷியாக்கள் என்று வானொலியில் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஷியா இரான்காரர்கள். வேலை நிறுத்தம் செய்தவர்களில் கணிசமானவர்கள் மொராக்கோக்காரர்கள். மொராக்கோ முஸ்லிம்கள் சன்னிகள். இது யாரும் ரகசியமாக வைத்திருந்த தகவல் இல்லை. அமைச்சர் தன் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பத்திரிகைகளிலும் சிலர் அப்போதே கேள்வி கேட்டார்கள். ஆனால் ‘பெயின்டர்கள் சம்பளம் கேட்கிறார்கள்’ என்ற தலைப்பும் ‘ஆலைக்குள் கொமேனி’ என்ற பயமும் மோதினால் எது ஜெயிக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஏழு வருடத்துக்கு முன்னால் தொழுகை, சாதுவான தொழிலாளியின் அடையாளம். இப்போது அதே தொழுகை, கலகக்காரனின் அடையாளம். அதே மனிதர்கள், அதே தொழில், அதே விரிப்பு. படத்துக்குக் கீழே இருந்த வரி மட்டும் மாறிவிட்டது.

அந்த வருடக் கடைசியில் டால்போ ஆலையில் 1,905 பேரை வேலையை விட்டு அனுப்ப அரசாங்கம் சம்மதித்தது. அவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பியான்கூர் ஆலை 1992லும், ஓல்னே ஆலை 2013லும் மூடப்பட்டன. ஆலையோடு சேர்ந்து ஆலைக்குள் இருந்த தொழுகை அறையும் போனது.

ஆனால் மனிதர்கள் போகவில்லை. அதற்குள் குடும்பங்கள் வந்து சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெஞ்சுப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். தொழுகை குடியிருப்புக்கு வந்தது. அடுக்குமாடியின் நிலவறை, கார் ஷெட், காலியான கிடங்கு. கைக்காசு போட்டு வாடகைக்குப் பிடித்த இடங்கள். தினசரித் தொழுகைக்குப் போதும். வெள்ளிக்கிழமைக்குப் போதாது. மீதிப் பேர் வாசலுக்கு வந்தார்கள். மிரா தெரு அப்படித்தான் நிறைந்தது.

நியாயத்தைப் பேசினால் முழுசாகப் பேச வேண்டும். மிரா தெருவில் வேறு மனிதர்களும் குடியிருந்தார்கள். வாராவாரம் வாசல் அடைபட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். தெரு பொதுச்சொத்து, யாரைக் கேட்டு மறிக்கிறீர்கள் என்ற கேள்வியில் மத வெறி எதுவும் இல்லை. தொழப்போனவர்களிலேயே பலருக்கு அது சங்கடம்தான். மழையிலும் குளிரிலும் தார் ரோட்டில் நெற்றி வைத்துத் தொழ யாருக்குப் பிடிக்கும்? இரண்டு தரப்புக்கும் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. கொஞ்சம் பெரிய கட்டடம்.

2011 செப்டம்பரில் அதுதான் நடந்தது. தெருத் தொழுகைக்கு உள்துறை அமைச்சர் க்ளோத் கெயான் தடை போட்டார். கூடவே, நே பொல்வாரில் காலியாகக் கிடந்த ஒரு பழைய பாரக்ஸ் வாடகைக்குத் தரப்பட்டது. மூன்று வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 30,000 யூரோ. செப்டம்பர் 16, முதல் வெள்ளிக்கிழமை, ஜனங்கள் அங்கே போனார்கள். மிரா தெரு காலியானது. நாட்டையே ஆக்கிரமித்த படை என்று வர்ணிக்கப்பட்டது, ஒரு வாடகை ஒப்பந்தத்தில் இடம் மாறிவிட்டது!

அதே பதினெட்டாவது வட்டாரத்தில், மிரா தெருவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில்தான் லா ஷப்பல் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் கடை போட்டு, குட்டி யாழ்ப்பாணமாக ஆக்கிவைத்திருக்கும் பகுதி. அங்கே 1985ல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்துத் தேர் வருடா வருடம் கோடை முடிகிற சமயம் வீதியுலா வரும். காவடி, நாதஸ்வரம், நடுரோட்டில் மலை மாதிரி தேங்காய் உடைப்பு. பிரெஞ்சுப் பத்திரிகைகள் வண்ணப்படம் போடும். சுற்றுலா வழிகாட்டிகள் தேதி சொல்லிக் கூப்பிடும். யாரும் ஆக்கிரமிப்பு என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது.

வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. தேர் வருடத்தில் ஒருநாள், முறையாக அனுமதி வாங்கி ஓடுகிறது. தொழுகை வாரம் ஒருமுறை, போலிஸ் கண்டும் காணாமல் விட்டதால் நடந்தது. சட்டப்படி இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் படம் பார்க்கிறவர் சட்டம் படித்துவிட்டா பார்க்கிறார்? ஒன்றில் அவருக்குத் திருவிழா தெரிகிறது. இன்னொன்றில் படையெடுப்பு தெரிகிறது.

2019 ஏப்ரல் 15 ராத்திரி நோத்ருதாம் எரிந்தபோது, பாரிஸ் மக்கள் தெருவில் மண்டியிட்டு ஜெபப் பாட்டு பாடினார்கள். உலகமே பார்த்துக் கண் கலங்கியது. நானும்தான். அந்தப் படங்களில் முகங்கள் இருந்தன. கண்ணீர் தெரிந்தது. அதனால் கீழே எந்த வரியும் தேவைப்படவில்லை.

அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 2017 நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. பாரிஸை ஒட்டிய கிளிஷி நகரம். தொழுகை நடந்துவந்த கட்டடத்தை நகராட்சி திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே நூலகம் வரப்போகிறதாம். மாற்றாகச் சொன்ன இடம் தூரம், எங்களுக்குப் போதாது என்று முஸ்லிம்கள் பல மாதங்களாகத் தெருவில் தொழுதுகொண்டிருந்தார்கள். அன்றைக்கு நூறு பேர் அளவில் மக்கள் பிரதிநிதிகள் மூவர்ணப் பட்டை மாட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்தார்கள். மேயர் இருந்தார். வட்டாரத் தலைவர் வலேரி பெக்ரெஸ் இருந்தார். தொழுகை நடக்கும்போதே தேசிய கீதம் பாடினார்கள். இந்தப் பக்கம் இறைவன் பெயர், அந்தப் பக்கம் நாட்டின் பெயர். நடுவில் போலிஸ். சுற்றிலும் காமிரா.

படம் பிரமாதமாக வந்திருக்கும். அன்றைக்கு அங்கே ஒரு பெரிய கூடம் மட்டும் இருந்திருந்தால், படமும் இருந்திருக்காது, செய்தியும் இருந்திருக்காது.

நானும் பத்திரிகைக்காரன்தான். படம் மேஜைக்கு வரும். பக்கம் முடிக்க ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் கீழே ஒரு வரி எழுத வேண்டும். மனத்தில் முதலில் தோன்றுகிற வார்த்தைதான் கையில் வரும். அது பெரும்பாலும் போன வாரம் எங்கேயோ படித்த வார்த்தையாகத்தான் இருக்கும். தெருவில் குனிந்த முதுகுகளின் படம் இனியும் வரும், பாரிஸிலிருந்தும் வரும், வேறு ஊர்களிலிருந்தும் வரும். எழுதுகிறவர்கள் அவசரத்தில் எதையாவது எழுதுவோம். படிக்கிற நீங்கள் ஒரு நிமிடம் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உள்ளே எத்தனை பேருக்கு இடம் இருந்தது?